கொல்லையில் குழி தோண்டாதீர்கள்: டெல்டா களிமண்ணில் முதல் வீட்டுத் தோட்டம்

எங்கள் வீடு கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முதன்முதலாக ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கி வந்தபோது, எல்லோரும் சொன்னபடியே செய்தேன். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி வைத்துக் குழி. அதில் செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும். ஆனியில் நட்டது ஆவணிக்குள் தளதளவென்று துளிர்த்துவிட்டது. கைராசி என்றார்கள், நானும் நம்பினேன்.

ஐப்பசி அடைமழையில் பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சளித்துக் கொட்டியது. வாட்டமாக இருக்கிறதே என்று மழைக்கு நடுவில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால், வேர் கறுத்திருந்தது. விரலால் உருவியபோது அதன் தோல் உறைபோலக் கழன்று வந்தது. கோடையில் தூர்வாரிய வாய்க்காலின் நாற்றம். குழியில் ஒரு முழத்துக்குத் தண்ணீர்.

அந்தக் குழி முறை செம்மண் பூமிக்குப் பொருந்தும். தண்ணீர் அங்கே கீழே இறங்கிவிடும். நம் களிமண்ணில் குழி தோண்டி இளக்கமான மண்ணை நிரப்புவது, தரைக்குள் ஒரு தொட்டி கட்டுவதற்குச் சமம். சுற்றிலும் பெய்கிற மழையெல்லாம் அதில் வந்து தேங்கும். இந்த ஊரில் செடிகள் தாகத்தால் சாவதைவிட மூச்சுமுட்டிச் சாவதுதான் அதிகம். வேருக்கும் காற்று வேண்டும்.

முதல் வேலை: மண்ணைப் பிடித்துப் பாருங்கள்

கொல்லையில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, கல் பொறுக்கி, நனைத்துப் பிசையுங்கள். பிள்ளையார் பிடிக்க வருகிறதா? சுண்டுவிரல் தடிமனுக்குத் திரித்து வளையமாக வளைத்தால் விரியாமல் நிற்கிறதா? அப்படியென்றால் அது நல்ல களி. பிடித்த உருண்டை உதிர்ந்துவிட்டால் மணற்பாங்கு. வேதாரண்யம் பக்கம் அப்படி இருக்கும்.

அடுத்து, ஓர் அடி ஆழத்துக்குச் சிறு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தண்ணீர் மிச்சமிருந்தால், அந்த இடத்தில் தரையோடு தரையாக எதையும் நடக்கூடாது. இந்தச் சோதனையைக் கோடையில் ஒரு முறையும், ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு ஒரு முறையும் செய்வது நல்லது. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் கிணற்று நீர் மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் செடியின் காலடியிலும் அதே தண்ணீர்தான் ஏறுகிறது.

இரண்டாவது: மேடு கட்டுங்கள்

மூன்றடி அகலம், ஒன்றிலிருந்து ஒன்றரை அடி உயரம், நீளம் உங்கள் வசதி. இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. ஈரக் களியை ஒரு முறை மிதித்தால் காய்ந்ததும் ஓடாகிவிடும்.

கொல்லை மண் இரண்டு கூடை, நன்றாக மக்கிய சாண எரு ஒரு கூடை, ரைஸ் மில்லில் கிடைக்கும் கருகிய உமி அரைக் கூடை. இந்தக் கணக்கில் கலந்தால் போதும். உமிக்கரி களிமண்ணை இளக்கிக் காற்று போக வழி செய்யும். ஆனால் வெள்ளைச் சாம்பலாக எரிந்துபோனதை அள்ளிக் கொட்டாதீர்கள், காரம் கூடிவிடும். மணல் கலந்தால் மண் இளகும் என்று பலர் சொல்வார்கள். களியில் கொஞ்சமாக மணல் கலந்தால் செங்கல்தான் கிடைக்கும். அந்தக் காசுக்கு இன்னும் நான்கு கூடை எரு வாங்கலாம்.

வேலையை வைகாசியில் செய்யுங்கள். மண் வெடித்துக் கிடக்கும்போது கட்டியை உடைப்பது சுலபம், ஆடிக்குள் மேடும் படிந்துவிடும். எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை போன்றவற்றுக்குத் தனித்தனியாக மூன்றடி விட்டத்தில் ஒரு வட்ட மேடு. தரையை ஒரு சாண் கொத்திவிட்டு அதன்மேல் மேட்டைக் குவித்து, கன்றை மேட்டில் நடுங்கள்.

மூன்றாவது: இடத்துக்கு ஏற்ற செடி

கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், தென்னை நிழலில் வைத்துவிட்டுக் காய்க்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. நிழலுக்கென்றே சேனை, கருணை, மஞ்சள் இருக்கின்றன. மஞ்சளை வைகாசி, ஆனியில் ஊன்றினால் பொங்கல் பானைக்குக் கட்ட வீட்டுக் கொத்து கிடைக்கும். அடுப்படித் தண்ணீர் வந்து விழும் இடம் வாழைக்கும் சேம்புக்கும்.

முருங்கை ஈரத்தைத் துளியும் பொறுக்காது. மேட்டில்தான் நட வேண்டும். மூன்றடிப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டாலும் சரி, பி.கே.எம். 1 போன்ற செடிமுருங்கை விதை போட்டாலும் சரி, கிளை சட்டென்று முறியும் மரம் அது. ஓட்டுக்கும் மின்கம்பிக்கும் தள்ளி வையுங்கள். விதை போட்டது இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால், கைக்கெட்டும் உயரத்தில் கிளைக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் எலுமிச்சையையும் பீன்ஸையும் மறந்துவிடுங்கள். தென்னையும் சப்போட்டாவும் அந்தத் தண்ணீரைத் தாங்கும்.

கொடிகளில் ஒரு விஷயம். ஆடிப் பட்டம் தேடி விதை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊன்றுகிறோம். புடலையும் பாகலும் இரண்டு மாதத்தில் காய்க்கும். பந்தல் அவரை அப்படியல்ல, பகல் குறுகிப் பனி விழுந்தால்தான் பூக்கும். அதுவரை பந்தல் முழுக்க இலையாகவே நிற்கும். போன ஆண்டு என் மாமியார் புரட்டாசியில் பொறுமை இழந்து, "இது மலட்டுக் கொடி, அறுத்துவிடுங்கள்" என்றார். தை மாதம் அதே கொடியில் பறித்து, தெருவுக்கே கொடுத்தார். அறுக்கச் சொன்னதை இப்போது கேட்டால் ஒப்புக்கொள்வதில்லை.

கன்று வாங்கும்போது

பூத்துக் குலுங்குவதை எடுக்காதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, துளிரோடு இருப்பதை எடுங்கள். பையின் அடியில் வேர் எட்டிப் பார்த்துச் சுருண்டிருந்தால் அது அங்கேயே கிழடாகிவிட்ட கன்று. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், வெள்ளைப் பஞ்சோ எறும்போ இருந்தால் வேண்டாம். ஒட்டுக்கன்றானால் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், அதற்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

கறிவேப்பிலைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பக்கத்து வீட்டு மரத்தடியில் வேரிலிருந்து முளைத்த குட்டி நிச்சயம் இருக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் வேரோடு கிளப்பி வாருங்கள். புளித்த மோர் ஊற்றினால் தழையும் என்பார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மோரைவிட நுனியைக் கிள்ளுவதும் பழத்தை உதிர்த்துவிடுவதும்தான் அதைத் தழைய வைக்கின்றன.

மாலை வெயில் தாழ்ந்ததும் நடுங்கள். பையைக் கிழித்து எடுத்து, மண்கட்டி உடையாமல், பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில். பை மண் மிகவும் இறுகியிருந்தால் ஓரத்து வேரை மட்டும் விரலால் கொஞ்சம் பிரித்துவிடுங்கள்.

தண்ணீர்

தினம் காலையில் எல்லாச் செடிக்கும் ஒரு செம்பு என்ற வழக்கத்தை விடுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். களிமண் மேலே வெடித்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும், கண்ணை நம்பாதீர்கள். சித்திரை உச்சி வெயிலில் பூசணி இலை கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தும் பதற வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கும் வாடியிருந்தால்தான் அது தாகம். ஊற்றும்போது நன்றாக நனைய ஊற்றி, பிறகு இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

கோடையில் வைக்கோலை மூன்று விரற்கிடை தடிமனுக்கு மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி. எருவுக்கு மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மக்கிய சாணம் போதும். பச்சைச் சாணம் போடாதீர்கள், வேர் வெந்துவிடும்.

பூச்சி

தினம் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் மருந்தில் பாதி. எலுமிச்சை, கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம்போல ஏதாவது தெரிந்தால் தொட்டுப் பாருங்கள், நகரும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்னக் கன்றில் இருந்தால் பொறுக்கிவிடுங்கள், பெரிய மரத்தில் அதற்கும் பங்கு உண்டு. கத்தரியின் நுனி மட்டும் தலைசாய்ந்தால் தண்டுக்குள் புழு இருக்கிறது, கிள்ளி அழித்துவிட வேண்டும். வெண்டை இலை நரம்பு மஞ்சளித்தால் செடியையே பிடுங்குங்கள், அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய், மருந்து கிடையாது. செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையடியில் படும்படி தெளியுங்கள். முருங்கைத் தண்டில் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியைப் பழைய துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளுங்கள். கையை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

ஐப்பசிக்கு முன்

புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பாத்திகளுக்கு நடுவே மண்வெட்டியால் கால்வாய் இழுத்து, அது தெருச் சாக்கடையிலோ தாழ்ந்த இடத்திலோ போய் முடிகிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்டைச் சுற்றிய வைக்கோலை எடுத்துவிடுங்கள். முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழித்துவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு இதை யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் கவாத்து செய்யச் சொல்வார்கள். இங்கே அப்போது வெட்டினால் வெட்டுவாயில் மழை இறங்கும். நான் மார்கழி பிறந்து இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுகிறேன். வெட்டியபின் பத்து நாளைக்குத் தண்ணீர் கிடையாது. பங்குனியில் மொட்டு வரும்.