ரன்னா பாஸா என்று எதிரணிக்குத் தெரியக்கூடாது: அமெரிக்கன் ஃபுட்பாலில் இரண்டையும் கலக்கும் முறை

வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் கால்பந்து ஆடி வளர்ந்த பையன்கள் கையில் முட்டை வடிவப் பந்தைக் கொடுத்தால் முதலில் கேட்பது இதுதான்: "ண்ணா, புடிச்சிகினு ஓடணுமா, தூக்கிப் போடணுமா?" ரெண்டும்தான். பந்தோடு ஓடுவது ரன், எறிவது பாஸ். எதை எப்போது செய்வது என்பதில்தான் ஆட்டமே அடங்கியிருக்கிறது.

சமநிலை என்றதும் 10 நகர்வில் 5 ரன், 5 பாஸ் என்று பங்கு பிரிப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு உதவாது. பந்து ஸ்னாப் ஆவதற்கு (வரிசை நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தந்து நகர்வைத் தொடங்குவதற்கு) முன்னால், எதிரணி லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) உங்கள் அணி நிற்கிற விதத்தைப் பார்த்து "இது ரன்தான்" என்று அடித்துச் சொல்ல முடிகிறதா, முடியவில்லையா என்பதுதான் கேள்வி. முடியவில்லை என்றால் 10-க்கு 7 பாஸ் போட்டாலும் சமநிலை இருக்கிறது. முடிகிறது என்றால் 5-க்கு 5 போட்டும் பிரயோஜனம் இல்லை.

முதலில் தூரக் கணக்கு

4 டவுனில், அதாவது 4 முயற்சியில், 10 யார்டு முன்னேற வேண்டும். ஃப்ரீ கிக் அடிக்கும்போது சுவர் நிற்கிற 9.15 மீட்டர்தான் அந்த 10 யார்டு. கால்பந்து ஆடியவர்களுக்குக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்த தூரம் அது.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் ஆட்டங்களில் ஒரு ரன்னுக்குச் சராசரியாக 4 யார்டுக்குச் சற்று மேல் கிடைக்கிறது, ஒரு பாஸ் முயற்சிக்கு 7 யார்டை ஒட்டி. பிறகு எதற்கு ஓட வேண்டும்? பாஸ் பிடிபடாவிட்டால் பூஜ்யம். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் பின்னாலேயே மாட்டிக்கொண்டால் 6, 7 யார்டு நஷ்டம். எதிராளி கையில் விழுந்தால் பந்தே போச்சு. ரன்னில் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் அநேகமாகக் கிடைத்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், ரன் வராது என்று தெரிந்துவிட்டால் எதிரணி தடுப்பாட்டக்காரர்கள் நேராகக் குவார்ட்டர்பேக் மேல் பாய்வார்கள்.

அதனால் ஒவ்வொரு டவுனுக்கும் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் டவுனில் 4 யார்டு கிடைத்தால் வெற்றி. இரண்டாவதில் மிச்சம் இருப்பதில் பாதிக்கு மேல் வர வேண்டும். மூன்றாவதில் முழுதும் வர வேண்டும். மூன்றாவது டவுனில் 2 யார்டு பாக்கி என்றால் ரன், பாஸ் இரண்டு கதவும் திறந்திருக்கும். 9 யார்டு பாக்கி என்றால் மைதானத்துக்கு வெளியே சுண்டல் விற்பவருக்குக்கூட பாஸ் என்று தெரியும். முதல் இரண்டு டவுனில் செய்கிற வேலை எல்லாம் அந்த 9-ஐ 2 ஆக்குவதற்குத்தான்.

பாக்ஸில் ஆள் எண்ணுதல்

கால்பந்துக்காரர்களுக்கு இந்தச் சொல் குழப்பும். இங்கே பாக்ஸ் என்பது கோல் முன்னால் இருக்கிற கட்டம் இல்லை. உங்கள் தடுப்பு வரிசையின் இரு முனைக்கு நடுவே, எதிரணிப் பக்கம் சுமார் 5 யார்டு ஆழம் வரை உள்ள இடம். குவார்ட்டர்பேக் ஸ்னாப் கேட்பதற்கு முன் அதில் எத்தனை எதிராளிகள் நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.

உங்களுக்கு 5 லைன்மேன் (முன்வரிசைத் தடுப்பாளர்கள்), 1 டைட் எண்ட் (வரிசை முனையில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்), ஆக 6 பேர் தடுக்க இருக்கிறார்கள் என்று வையுங்கள். பாக்ஸில் 6 பேரோ குறைவாகவோ நின்றால் ஆளுக்கு ஆள் சரியாகிவிட்டது, ஓடுங்கள். 7 பேர் என்றால் ஒருவனுக்குத் தடுப்பாள் இல்லை. அங்கே விரைவு பாஸ், அல்லது ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்). 8 பேர் வந்துவிட்டால் பின்னால் 3 பேர்தான் இருக்கிறார்கள். பாஸ் பிடிக்கிற ரிசீவர்களுக்கு வெளியில் தனித்தனி ஆள்தான் காவல், மேலே தூக்கிப் போடுங்கள். 8 பேர் நிற்கும்போது பிடிவாதமாக நடுவில் ஓடுவதுதான் புது அணிகள் செய்கிற முதல் தப்பு.

ஆர்பிஓ என்பது அந்தத் தடுப்பாள் இல்லாத ஒருவனை வைத்தே ஆடுகிற ஆட்டம். அவனை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனான ரன்னிங் பேக் வயிற்றில் வைத்தபடி, தடுப்பாள் இல்லாத அந்த எதிராளியை மட்டும் பார்க்க வேண்டும். அவன் ஓட்டக்காரனைப் பிடிக்க உள்ளே வந்தால், பந்தை இழுத்து அவன் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு எறிய வேண்டும். அவன் அசையாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. லைன்மேன்கள் ரன் என்று நினைத்து முன்னால் ஓடிவிடுவார்கள். பாஸ் எறிவதற்குள் என்எஃப்எல் விதிப்படி 1 யார்டுக்கு மேல், அமெரிக்கக் கல்லூரி ஆட்ட விதிப்படி 3 யார்டுக்கு மேல் போனால் 5 யார்டு தண்டம். அதனால் எறிவதாக இருந்தால் உடனே எறிய வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் தண்டம்தான்.

பொய்க் கொடுப்பு: பொய் எங்கே அம்பலமாகிறது

பாக்ஸிங் தெரிந்த ஊர் இது. வயிற்றுக்கு ஒரு குத்துவிட்டுக் கையைக் கீழே இறங்க வைத்து, திறந்த முகத்தில் அடுத்ததை இறக்குவது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. பிளே ஆக்‌ஷன் அதேதான். ரன் கொடுப்பது போலக் காட்டி, லைன்பேக்கர் ரெண்டு எட்டு முன்னால் வந்ததும் அவன் முதுகுக்குப் பின்னால், ஸ்னாப் கோட்டிலிருந்து 10, 12 யார்டில் பாஸ் போடுவது.

ரன்னிங் பேக் ஓடிவரும்போது குவார்ட்டர்பேக் பக்கம் இருக்கிற முழங்கை மேலே, மற்ற கை வயிற்றுக்குக் கீழே, இடையில் பை மாதிரி இடம். குவார்ட்டர்பேக் இரண்டு கையாலும் பந்தை அந்தப் பைக்குள் நீட்ட வேண்டும். கண்ணும் அந்த வயிற்றின் மேலேயே இருக்க வேண்டும். கண் மேலே தூக்கி ரிசீவரைத் தேடினால் அந்த இடத்திலேயே பொய் முடிந்தது. பிறகு பந்தை இழுத்து, எதிரணிக்குத் தெரியாத பக்கத் தொடையில் ஒட்டி மறைத்து, இரண்டு எட்டு வைத்த பிறகே தலையைத் திருப்ப வேண்டும். ரன்னிங் பேக் காலிக் கையை மூடிக்கொண்டு, தோளைக் குனிந்து, கையில் பந்து இருப்பது போலவே வரிசையைக் கிழித்து ஓட வேண்டும். பாதியில் நின்று திரும்பிப் பார்க்கிற பேக் கெடுத்த பிளே ஆக்‌ஷன்கள் ஏராளம்.

இதற்குப் பிறகும் அம்பலமாகிறது என்றால் லைன்மேன்களைப் பாருங்கள். ரன்னுக்குத் தடுக்கிறவன் தலை தாழ்ந்து முன்னால் பாய்வான். பாஸுக்குத் தடுக்கிறவன் நிமிர்ந்து பின்னால் வருவான். தேர்ந்த லைன்பேக்கர் பந்தையே பார்ப்பதில்லை, அவன் கண் ஹெல்மெட் உயரத்தில்தான் இருக்கும். ஸ்னாப்புக்கு முன்னாலேயே காட்டிக்கொடுப்பதும் உண்டு. இரண்டு காலும் ஒரு கையும் ஊன்றி, மூன்று புள்ளியில் குனிந்து நிற்கிற லைன்மேன், ரன் என்றால் தரையில் ஊன்றிய கை மேல் பாரத்தை இறக்குவான். அழுத்தத்தில் விரல் நுனி ரத்த ஓட்டம் குறைந்து வெளுக்கும். பாஸ் என்றால் பாரம் குதிகாலுக்குப் போய்விடும், கை தரையைத் தொட்டும் தொடாமல் இருக்கும். பயிற்சியில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, விரலை மட்டும் பார்த்து ரன்னா பாஸா சொல்லச் சொல்லுங்கள். 10-க்கு 7 சரியாகச் சொன்னால் லைன்மேன் நிற்பதைத் திருத்த வேண்டும்.

"நன்றாக ஓடிக் காட்டின பிறகுதான் பிளே ஆக்‌ஷன் எடுபடும்" என்று பழைய கோச்சுகள் சொல்வார்கள். என்எஃப்எல் ஆட்டங்களைப் புள்ளிவிவரத்தோடு அலசியவர்கள் கண்டது வேறு. ஓட்டம் சுமாராக இருந்தாலும் லைன்பேக்கர்கள் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ரன்னைப் பார்த்ததும் முன்னால் வருவது அவர்களுக்குப் பழக்கப்பட்ட வேலை. பொய் ஒழுங்காக இருந்தால் போதும். ஆனால் மூன்றாவது டவுனில் 12 யார்டு பாக்கி இருக்கும்போது ரன் போலக் காட்டினால் எவனும் வர மாட்டான்.

ஃபிளாக் ஆட்டத்தில் மாறுவது

நம் பக்கம் ஹெல்மெட்டும் பேடும் வாங்கி 11 பேர் ஆடுவதைவிட 5 பேர் ஆடுகிற, ஆளை வீழ்த்தாமல் இடுப்புக் கொடியைப் பிடுங்கி நிறுத்துகிற ஃபிளாக் ஃபுட்பால்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில்தான் இது 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. ஆடுகளம் 50 யார்டு நீளம், 25 அகலம், இரு முனையிலும் 10 யார்டு எண்ட் ஸோன் (புள்ளி எடுக்கப் பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய பகுதி). மொத்தம் 64 மீட்டர். முழு அளவு கால்பந்து மைதானத்தின் 68 மீட்டர் அகலத்துக்குள் குறுக்கே போட்டுவிடலாம்.

இங்கே முட்டித் தடுப்பது கிடையாது, அதனால் பாக்ஸ் கணக்கும் அப்படியே ஒத்துவராது. 7 யார்டு தள்ளி நிற்கிறவன்தான் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயலாம். ஆனால் பந்து கைமாறிய மறு நொடி அந்தத் தடை எல்லோருக்கும் நீங்கிவிடும். குவார்ட்டர்பேக் தானே ஓடவும் முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ரன் தடை மண்டலம். நடுக்கோட்டுக்கு முன்னால் 5 யார்டு, எண்ட் ஸோனுக்கு முன்னால் 5 யார்டு, இரண்டிலும் ஓடக்கூடாது. எண்ட் ஸோனுக்கு 8 யார்டு இருக்கும்போது 4 யார்டு ஓடினால் நல்ல ரன் போலத் தெரியும். ஆனால் அதோடு ரன் கதவு சாத்தப்பட்டது, எதிரணி ஐந்து பேரும் பாஸை மட்டும் காத்து நிற்பார்கள். ஆக 8 யார்டில் ஓடினால் முழுதும் போகிற மாதிரி வெளிப்பக்கம் ஓடுங்கள், இல்லையென்றால் அங்கேயிருந்தே எறியுங்கள்.

காற்று, மணல், மழை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். வடக்கு தெற்காகப் போட்ட மைதானத்தில் அது குறுக்கே அடிக்கும், 20 யார்டுக்கு மேல் தூக்கிப் போடுகிற பந்து மேற்கே ஒதுங்கும். தாழ்வாகவும் வேகமாகவும் எறிகிற 8, 10 யார்டு பாஸ்களை வையுங்கள். மணல் தரையில் வெளிப்பக்கம் சுற்றி ஓடுவது எடுபடாது, திரும்பும் இடத்தில் கால் புதையும். நேராக உள்ளே ஓடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் "பந்து வழுக்கும், ஓடிடலாம்" என்று எல்லோரும் ரன்னுக்குத் தாவுவார்கள். பாதிதான் சரி. ஈரத் தரையில் ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும், காவலுக்கு வருபவனுக்குத் தெரியாது. வழுக்குவது அவன்தான். குட்டை பாஸ் மழையிலும் வேலை செய்யும். குவார்ட்டர்பேக் இடுப்பில் ஒரு துண்டு தொங்கட்டும். பொய்க் கொடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஈரப் பந்து இழுக்கும்போது நழுவும்.

நோட்டில் எழுதுவது

ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து பத்தி: எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு பாக்கி, அணி நின்ற வடிவம், ரன்னா பாஸா, கிடைத்த யார்டு. சான்ஃபிரான்சிஸ்கோ 49-எர்ஸ் அணியின் முன்னாள் கோச் பில் வால்ஷ், ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே எழுதி வைத்து ஆடுவதற்குப் பேர் போனவர். நீங்கள் 8 எழுதினால் போதும். அதில் முதல் டவுன் எல்லாமே ரன்னாக இருந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பாதி ஆட்டத்தில் நோட்டைத் திறந்து ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். டைட் எண்ட் உள்ளே வந்த 10 தடவையில் 8 தடவை ரன் என்றால், அடுத்த முறை அதே ஆளை உள்ளே கொண்டுவந்து பாஸ் போடுங்கள். 7 புள்ளி பின்தங்கியதும் ரன்னைக் கைவிட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். முதல் பாதியில் 7 புள்ளி ஒன்றுமே இல்லை. கடைசி 2 நிமிடத்தில் பின்தங்கியிருந்தால் பக்கக் கோட்டை ஒட்டி பாஸ் போட்டு, வெளியே போய் கடிகாரத்தை நிறுத்துங்கள். முன்னணியில் இருந்தால், எதிரணியிடம் டைம் அவுட் தீர்ந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு ஓடுங்கள். அடுத்த நகர்வைத் தொடங்கத் தருகிற 40 நொடிக் கடிகாரத்தில், மைதானத்துக்குள்ளேயே விழுகிற மூன்று ரன் கிட்டத்தட்ட 2 நிமிடத்தைத் தின்றுவிடும்.