சீல்டு பேட்டரியை அடைத்து வைக்காதீர்கள்

கடலூர் முதுநகரில் யுபிஎஸ் பேட்டரி மாட்டுவதுதான் என் தொழில். 'சீல்டு', அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரி, என்றதுமே பலர் அதைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. சார்ஜ் மிஞ்சினால் உள்ளே இருக்கும் வால்வு திறந்து ஹைட்ரஜன் வரும். ஒரு பொறி போதும். பெட்டியில் மேலும் கீழும் துளை போடுங்கள். பேட்டரிகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். தலைகீழாக வைக்காதீர்கள்.

மாட்டும்போது பிளஸ் முதலில். கழற்றும்போது மைனஸ் முதலில். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். என் ஸ்பேனரில் கைப்பிடி முழுக்க டேப் சுற்றியிருப்பேன். ஒருமுறை வெறும் ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டு, பளீரென்று பொறி பறந்து, அதன் ஓரம் உருகிவிட்டது. அந்தக் கருகல் வாடை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊர் உப்புக்காற்று முனைகளைச் சும்மா விடாது. பச்சை பூத்திருந்தால் துடைத்து, நட்டை இறுக்கி, அப்புறம் வாசலின் தடவுங்கள். வாசலினைத் தடவிவிட்டு இறுக்குவது தவறு.

12 வோல்ட் பேட்டரிக்கு ஃப்ளோட் சார்ஜ், அதாவது நிறைந்த பிறகும் அப்படியே நிறைவாக வைத்திருக்கும் சார்ஜ், 13.5 முதல் 13.8 வோல்ட், கத்திரி வெயிலில் 13.5 பக்கமே இருக்கட்டும். சும்மா கிடக்கும் பேட்டரி 12.4-க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் போடுங்கள். வயிறு உப்பியதற்குச் சார்ஜே போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். பழையதைக் குப்பையில் எறியாமல் கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும்.