பச்சைக் களிம்பு பிடித்த ஆன்டெனா கம்பி

தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டி, நம் இருப்பிடத்தையும் அவற்றுக்குச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவி படகில் இருந்தும், போன மார்கழியில் விடியுமுன் எதிர்ப்பட்ட சரக்குக் கப்பல் இரண்டு கடல் மைலுக்குள் வந்த பிறகுதான் திரையில் முளைத்தது. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பலுக்கு அந்தத் தூரம் எட்டே நிமிடம். வலை தண்ணீரில் கிடக்கும்போது எட்டு நிமிடத்தில் என்ன செய்ய முடியும்?

கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஏ.ஐ.எஸ். ஓடுவது வி.எச்.எஃப். என்ற வானொலி அலையில், ஆன்டெனா கெட்டால் அதற்குக் கண்ணும் இல்லை, குரலும் இல்லை. பெரிய கப்பலின் கருவி 12.5 வாட்டில் பேசுகிறது. சிறு படகுகளுக்கான என் ‘பி’ வகைக் கருவிக்கு 2 வாட்தான். அப்படியென்றால் கப்பல்காரர்களுக்கு நான் இன்னும் தாமதமாகத்தான் தெரிந்திருப்பேன். அதை நினைத்தபோது வயிறு கலங்கியது.

ஆன்டெனா கம்பியின் இணைப்பானைக் கழற்றினேன். நடு ஊசியில் பச்சைக் களிம்பு. உறையைச் சீவியதும் உள்ளிருந்த செம்புப் பின்னல் கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் கம்பிக்குள்ளேயே ஏறியிருந்தது. கெட்ட துண்டை மட்டும் வெட்டாமல் கம்பி முழுவதையும் மாற்றி, புதிய இணைப்பானைப் பற்றவைத்து, தானே ஒட்டும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றினேன். ஆன்டெனாவையும் அறைக் கூரையிலிருந்து கொடிமர உச்சிக்கு ஏற்றினேன்.

மறுநாள் பதினைந்து கடல் மைலுக்கு அப்பாலேயே கப்பல்கள் பெயரோடு தெரிந்தன. ஒரு மைலுக்குள் நெருங்கக்கூடிய கப்பலென்றால் இருபது நிமிடம் முன்பே ஒலிக்கும்படி எச்சரிக்கையை வைத்திருக்கிறேன். நாட்டுப்படகுகளில் பெரும்பாலும் இந்தக் கருவி கிடையாது. அவர்களுக்காகப் படகின் முன்பக்கமான அணியத்தில் எப்போதும் ஒருவர் விழித்திருக்கிறார்.