பழைய மின்கருவி இயங்கவில்லையா? பிளக்கிலிருந்து ஆர்மேச்சர் வரை ஒரு சோதனை ஒழுங்கு

இணைய விளம்பரத்தைப் பார்த்துப் பழைய மின்கருவி ஒன்றை வாங்குபவர், பொதி கைக்கு வந்ததும் முதலில் செய்வது அதைச் சுவரில் செருகி அழுத்திப் பார்ப்பதுதான். நானும் அப்படித்தான் செய்தேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் வைத்து, கூரியரில் வந்த இரும்பு வெட்டும் கிரைண்டரைச் செருகி அழுத்தினேன். அது இயல்புக்கு மாறான வேகத்தில் ஒருகணம் அலறியது. பிறகு வார்னிஷ் எரியும் மணத்துடன் நின்றுபோனது. பெயர்த்தகட்டை அதன் பின்னரே வாசித்தேன்: 100 வோல்ட். ஜப்பானில் பாவித்த கருவியின் தட்டையான இரு முனைப் பிளக்கை யாரோ வெட்டியெறிந்துவிட்டு, நம் நாட்டுப் பிளக்கைப் பூட்டி விற்றிருந்தார்கள். எரிந்த ஆர்மேச்சரை (மோட்டருக்குள் சுழலும், கம்பி சுற்றிய பகுதியை) மாற்றுவதற்குக் கேட்கப்பட்ட தொகை, கருவிக்கு நான் கொடுத்த விலையை மிஞ்சியது. அன்றிலிருந்து நான் மாற்றாமல் பின்பற்றிவரும் ஒழுங்கு இதுதான்: முதலில் கண், அடுத்துக் கை, அதன் பின் மின்சாரத்தையும் தடையையும் அளக்கும் மீற்றர், பின்னர் தொடரில் இணைத்த மின்குமிழ், எல்லாவற்றுக்கும் கடைசியாகவே சுவர்.

திருகாணி ஒன்றையேனும் கழற்றுவதற்கு முன்னர், கருவியை நான்கு பக்கமும் படம்பிடித்து, விளம்பரத்தையும் விற்றவருடன் பரிமாறிய செய்திகளையும் சேமித்து வைக்க வேண்டும். நீங்கள் திறந்ததால்தான் பழுதானது என்று விற்றவர் சொல்லக்கூடிய நிலையை நீங்களே உருவாக்கிக் கொடுக்கக் கூடாது. விற்றவர் கடைக்காரராக இருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்ய வழியுண்டு. தன் வீட்டில் கிடந்ததை விற்ற தனியாளிடம் வாங்கியிருந்தால் பேசித் தீர்ப்பதே பெரும்பாலும் மிஞ்சும். இரண்டு நிலையிலும் உங்கள் கையிலுள்ள படங்களே உங்களுக்காகப் பேசும்.

அடுத்ததாகப் பெயர்த்தகடு. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். தகட்டில் 220, 230, 240 அல்லது 220–240 என்று இருந்தால் தடையில்லை. 100 என்றிருந்தால் அது ஜப்பானிலிருந்தும், 110 என்றிருந்தால் பெரும்பாலும் பிரித்தானியக் கட்டடத் தளங்களிலிருந்தும் வந்தது. பிரித்தானியத் தளக் கருவிகளில் மஞ்சள் நிற வட்டப் பிளக் இருக்கும், இங்கு வரும்போது அதுவும் வெட்டப்பட்டிருக்கலாம். இத்தகைய கருவிகள் கெட்டவை அல்ல. பல மிக நன்றாக உழைப்பவை. ஆனால் அவற்றுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும்; அதன் வோல்ட்-அம்பியர் அளவு கருவியின் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 1000 வாட் கருவிக்கு 1500 வோல்ட்-அம்பியர் டிரான்ஸ்போமர் என்றால், அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற முடியாது என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பாருங்கள். தகடு உரிக்கப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் தேய்க்கப்பட்டிருந்தாலோ, நான் அந்தக் கருவியைச் சுவரில் செருகவே மாட்டேன்.

தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரையப்பட்டிருந்தால் அது இரட்டைக் காப்புள்ள கருவி. அதற்கு இரு கம்பி வயரே போதும். பிளக்கின் நிலக்கம்பி முனை வெறுமையாக இருப்பது குறையல்ல. அந்தக் குறி இல்லாமல் உலோக உடலுடன் வரும் பழைய கருவிக்கு மூன்று கம்பி வயர் கட்டாயம். மீற்றரின் ஒரு முனையைப் பிளக்கின் நிலக்கம்பி ஊசியிலும் மற்றையதைக் கருவியின் வெறும் உலோகத்திலும் வைத்தால், ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிலக்கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகக் கூடாது.

இப்போது கை. கருவி சுவரிலிருந்து முற்றாகக் கழன்றிருக்கும்போது அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கிரைண்டரில் பல்சக்கரங்களின் மெல்லிய இழுவை இருக்கும், ஆனால் ஓரிடத்தில் மட்டும் இறுகுவதோ கரகரப்பதோ கூடாது. கரகரத்தால் பெயாரிங் போயிருக்கிறது. கடலோரத்தில் பாவித்த கருவிகளில் இது அடிக்கடி நேர்கிறது, ஏனென்றால் உப்புக்காற்று பெயாரிங்கையும் சுவிட்சின் தொடுமுனைகளையும் ஒருசேர அரிக்கிறது. சுவிட்சையும் பலமுறை அழுத்திவிட்டுப் பாருங்கள். அது திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால், செருகிய கணமே கருவி பாய்ந்து ஓடும். அழுத்தியபடியே நிற்கவைக்கும் பூட்டுப் பொத்தான் உள்ளவற்றில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மீற்றர் வேலையைப் பிளக்கிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் மிக மலிவான பழுதுகள் அங்கேதான் இருக்கின்றன. 13 அம்பியர் பிளக்கைத் திறந்து பியூஸைக் கழற்றி, மீற்றரால் தொடர்ச்சி (மின்பாதை அறாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். 700 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். எனவே உள்ளே 3 அம்பியர் பியூஸ் போடப்பட்டிருந்தால், கருவியில் குறையில்லாமலே அது எரிந்திருக்கக்கூடும். பியூஸ் இருந்த இடத்தில் வெள்ளித்தாளோ செப்புக் கம்பியோ சுற்றப்பட்டிருந்தால், முன்னைய உரிமையாளர் ஏதோ ஒரு பழுதை மறைத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

பிறகு, பியூஸை மீண்டும் வைத்து, மீற்றரை 200 ஓம் அளவில் நிறுத்தி, பிளக்கின் இரு மின் ஊசிகளுக்கு இடையே வைத்துக் கருவியின் சுவிட்சை அழுத்துங்கள். சாதாரணமான துளையிடும் கருவியோ கிரைண்டரோ சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். ஏறத்தாழப் பூச்சியம் காட்டினால் உள்ளே குறுஞ்சுற்று. எதுவுமே காட்டாவிட்டால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. ஆனால் வேகக் கட்டுப்பாடு அல்லது மெதுவாகத் தொடங்கும் மின்னணுப் பகுதி உள்ள கருவிகள் நல்ல நிலையிலும் மீற்றருக்கு மௌனமாக இருக்கலாம். அவற்றை இந்த ஒரு சோதனையால் மட்டும் செத்ததென்று தீர்மானிக்கக் கூடாது. சுவிட்சை அழுத்தியபடியே, வயர் கருவிக்குள் நுழையும் இடத்திலுள்ள இறப்பர்க் குழாயை இப்படியும் அப்படியும் வளையுங்கள். எண் வந்துவந்து மறைந்தால் பழுது அங்கேதான்: பல ஆண்டுகள் வளைந்ததால் உள்ளே செப்பு இழைகள் அறுந்து, வெளித்தோல் மட்டும் முழுதாக நிற்கும். அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிட்டு வயரைச் சற்று உள்ளே இழுத்து மீண்டும் பூட்டினால் கருவி உயிர்பெறும். வயரின் பிடிப்புத் தகட்டை மறக்காமல் இறுக்க வேண்டும்.

வயர் நல்லதென்றால் அடுத்தது காபன் பிரஷ், அதாவது மோட்டரின் சுழலும் பகுதியில் உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிறு காபன் கட்டி. என் அனுபவத்தில், "மோட்டர் செத்துவிட்டது" என்று மலிவாக விற்கப்படும் கருவிகள் பலவற்றின் உண்மையான நோய் இதுதான். மோட்டரின் இரு பக்கத்திலும் பெரிய திருகுமூடி போல இருப்பவற்றைக் கழற்றினால் வில்லுடன் சேர்ந்து காபன் வெளியே வரும். சில கருவிகளில் பின்மூடியைத் திறக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் எல்லைக்கோடு இருந்தால் அதுவே அளவு, இல்லாவிட்டால் 5 அல்லது 6 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை மாற்ற வேண்டும். சில காபன்களுக்குள் ஒரு சிறிய காப்புமுனை இருக்கும். தேய்ந்ததும் அது வெளித்தள்ளிக் கொமியூட்டேட்டரிலிருந்து (ஆர்மேச்சரில் காபன் உரசும் செப்புத் துண்டுகளின் வளையத்திலிருந்து) காபனை விலக்கிவிடும். அதனால் முன்னறிவிப்பே இல்லாமல் கருவி சட்டென்று நின்றுபோகும். இது கருவியைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. இதை அறியாமல் நல்ல கருவியை எத்தனை பேர் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

பழைய காபனைக் கையில் எடுத்துக்கொண்டு கொழும்பிலுள்ள பழைய சோனகத் தெருவுக்குச் செல்லுங்கள். அந்தத் தெருவின் இரும்புக் கடைகளில் அகலம், தடிப்பு, நீளம், வயர் முனையின் வடிவம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு வாங்கலாம். படத்தைக் காட்டி வாங்குவதில் எப்போதும் ஏதோ ஒன்று பிழைக்கிறது. இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். புதியது அதன் கூட்டுக்குள் தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும், இறுகினால் தொடுகை கிடைக்காது. தேயாத பழைய காபனையே திரும்ப வைப்பதாக இருந்தால், எந்தப் பக்கத்தில் எந்தத் திசையில் இருந்ததோ அப்படியே வையுங்கள், ஏனென்றால் அதன் முகம் அந்த வளைவுக்கே தேய்ந்து பொருந்தியிருக்கிறது.

காபனைக் கழற்றிய துளையினூடாக ஒரு சிறு விளக்கொளியை அடித்து, அச்சை மெல்லச் சுழற்றிக்கொண்டே கொமியூட்டேட்டரைப் பாருங்கள். கருவி தேறுமா தேறாதா என்பதைச் சொல்வது இந்தச் செப்புத் துண்டுகளின் நிறம்தான். சீரான இளம் பழுப்பு நிறம் நல்ல அறிகுறி. சுற்றிவரக் கருமை படிந்திருந்தால், நுண்ணிய சாண்ட் பேப்பரால் மென்மையாகத் துடைத்து, துண்டுகளுக்கு இடையிலுள்ள காபன் தூளை நீக்கிவிடலாம்; எமரித் தாளைப் பாவிக்கக் கூடாது, ஏனென்றால் அதன் துகள்கள் மின்சாரத்தைக் கடத்தித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். ஆனால் எல்லாம் நன்றாயிருக்க அடுத்தடுத்த இரண்டு துண்டுகள் மட்டும் கருகிக் குழிந்திருந்தால், அவற்றோடு இணைந்த சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். கருவியைத் திறந்து, அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே மீற்றரை வைத்துச் சுற்றிவர அளந்தால் எல்லாம் ஏறத்தாழ ஒரே எண்ணாக இருக்க வேண்டும்; எந்தத் துண்டுக்கும் இரும்பு அச்சுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கவே கூடாது. ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஃபீல்ட் கொயில் இரண்டும் தம்முள் ஒத்த எண்ணைக் காட்ட வேண்டும். வார்னிஷ் கருகிய மணம் இருந்தால் அளப்பதற்கும் அதிகம் மிஞ்சியிருக்காது.

கருவியைச் சுவரில் செருகும் முன்னர் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. மீற்றரை மெகா ஓம் அளவுக்கு மாற்றி, சுவிட்சை அழுத்தியபடி, மின் ஊசி ஒவ்வொன்றுக்கும் கருவியின் உலோகத் தலைக்கும் இடையே அளந்து பாருங்கள். தடை மீற்றரின் எல்லையைக் கடந்ததாகவே காட்ட வேண்டும். சாதாரண மீற்றர் சில வோல்ட்டில் அளப்பதால் இது முழுமையான சான்று ஆகாது. சந்தேகம் இருந்தால், மோட்டர் சுற்றிக் கொடுக்கும் கடையில் 500 வோல்ட் மெகரால் (காப்பை உயர் மின்னழுத்தத்தில் சோதிக்கும் மீற்றரால்) அளந்து தரும்படி கேளுங்கள்.

மற்றையது தொடர்குமிழ். 100 வாட் அளவான பழைய இழைக் குமிழ் ஒன்றைக் கருவியுடன் தொடரில் வரும்படி, மூடிய பெட்டியில் முறையாக வயர் செய்து வைத்துக்கொண்டால், எத்தனையோ கருவிகளை எரியாமல் காப்பாற்றலாம். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. கருவியை அழுத்தும்போது குமிழ் முழு வெளிச்சத்துடன் எரிந்து மோட்டர் அசையாவிட்டால், உள்ளே குறுஞ்சுற்று இருக்கலாம் அல்லது அச்சு இறுகியிருக்கலாம். மங்கலாக எரிந்து மோட்டர் மெதுவாகச் சுழன்றால் பாதை நன்றாக உள்ளது. மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் தாமே செய்யாமல் மின்வேலை தெரிந்த ஒருவரிடம் செய்வித்துக்கொள்வதே நல்லது.

இவை எல்லாவற்றையும் தாண்டி வந்த கருவியை, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள சுற்றில், கிரைண்டராக இருந்தால் தட்டுப் பூட்டாமல், பாதுகாப்பு மூடியுடன், முகத்தைத் திருப்பிக்கொண்டு முதன்முறையாக இயக்குங்கள். ட்ரிப் விழுந்தால் மின்கசிவு உண்டு. வேறு சுவரில் முயன்று பார்க்க வேண்டாம். காபனடியில் சிறு நீலப் பொறிகள் வருவது இயல்பு, கொமியூட்டேட்டரைச் சுற்றிவர நெருப்பு வளையமாக ஓடினால் உடனே நிறுத்துங்கள். புதுக் காபன் போட்டிருந்தால், அது பொருந்துவதற்குப் பத்து நிமிடமாவது சுமையில்லாமல் ஓடவிட வேண்டும். கருவியுடன் கூடவே வந்த பழைய வெட்டுத்தட்டுகளை எறிந்துவிடுங்கள். அவற்றின் நடுவளையத்தில் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். ஈரம் குடித்த தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்றில் உடைந்தால் என்ன ஆகுமென்று சொல்லத் தேவையில்லை.

பற்றரிக் கருவியாக இருந்தால் முதற் சந்தேகம் சார்ஜரில்தான் விழ வேண்டும், ஏனென்றால் ஜப்பான் சார்ஜரும் 100 வோல்ட்டுக்கே செய்யப்பட்டது. 18 வோல்ட் லித்தியம் பற்றரியில் ஐந்து கலங்கள் தொடரில் இருக்கும், நிறைந்த நிலையில் மீற்றர் ஏறத்தாழ 20 அல்லது 21 வோல்ட் காட்டும். 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கிடக்கும் பற்றரியைச் சார்ஜர் ஏற்க மறுத்தால், வேறு மின்மூலத்தைத் தொட்டு அதை "எழுப்பும்" வேலையில் இறங்காதீர்கள்; ஆழமாக வெறுமையான லித்தியம் கலம் தீப்பிடிக்கக்கூடியது.

ஆர்மேச்சர் போயிருந்தால், புதியதன் விலையை முதலில் விசாரியுங்கள். அது இதே வகைப் புதுக் கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் விட்டுவிடுவேன். பெயாரிங், சுவிட்ச், பல்சக்கரம் ஆகியவையும் அதே வயதுடையவை அல்லவா? என் 100 வோல்ட் கிரைண்டருக்கு நேர்ந்தது அதுதான். அதன் 13 அம்பியர் பிளக்கை வெட்டியெடுத்துவிட்டு, 100 வோல்ட், ஆர்மேச்சர் எரிந்தது, உதிரிப்பாகங்களுக்கு மட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன்.