மீசைக்கார மீனை வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைப்பது எப்படி?

கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கிப் போட்ட மீன்கள்தான் எங்கள் வீட்டு மீசைக்கார ஜோடி, கடை மொழியில் பிரிஸ்டில்நோஸ். ஒரு கார்த்திகை மாதக் காலையில் தொட்டி விளக்கைப் போட்டால், முன்கண்ணாடியில் அரிசி அளவில் கறுப்பாக ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஏதோ அழுக்கு என்று துடைக்கத் துணியை எடுத்துவிட்டேன். அதில் ஒன்று நகர்ந்தது.

அன்று சாயங்காலம் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் மிச்சக் குஞ்சுகள் எங்கே போயின என்று தெரிந்தது. உள்ளே இழுக்கப்பட்டு, பஞ்சில் சிக்கி, இருபதுக்கு மேல் செத்துக் கிடந்தன. இந்த மீனை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. நல்ல சாப்பாடும் ஒரு பொந்தும் இருந்தால் அதுவே இட்டுவிடும். பிறந்ததைப் பிழைக்க வைப்பதில்தான் நமக்கு வேலை. அதனால் கீழே சொல்வதில் பாதி, குஞ்சு வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியது.

முதலில், உங்களிடம் இருப்பது அந்த மீன்தானா?

நம் கடைகளில் "டேங்க் கிளீனர்", "சக்கர்" என்று விற்பதில் பெரும்பாலானவை வேறு வகை. முதுகுத் துடுப்பைப் பாய்மரம்போல விரிக்கும் அந்த மீன் ஒன்றரை அடி வரை வளரும். வீட்டுத் தொட்டியில் அது குஞ்சு பொரிக்கவே பொரிக்காது, ஏனென்றால் ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் சாதி அது. பிரிஸ்டில்நோஸ் 10 முதல் 13 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். தலை அகலமாக, உடம்பு தட்டையாக, கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் வெளிர்ப்புள்ளிகளோடு இருக்கும். வெளிர்மஞ்சள் உடம்பும் சிவந்த கண்ணுமாக அல்பினோவும் கிடைக்கும். இரண்டும் ஒரே வளர்ப்புதான்.

ஆண், பெண் பார்ப்பது சுலபம். ஆணுக்கு மூக்கின் மேல் சதை மீசை கிளைவிட்டு, நெற்றி வரை ஏறியிருக்கும். பெண்ணுக்கு உதட்டோரம் குட்டையாக ஒரு வரிசை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் மூன்று நான்கு சென்டிமீட்டர் குட்டிகளில் எதுவும் தெரியாது. ஐந்தாறு குட்டி வாங்கி வளர்த்துப் பாருங்கள். மீசை முளைத்த பிறகு ஒரு ஆணையும் ஒன்றிரண்டு பெண்ணையும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம். சின்னத் தொட்டியில் இரண்டு ஆண் வேண்டாம், பொந்துக்காக அடித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு வயதில் முட்டையிடத் தயாராகிவிடும்.

அந்த மீசை எதற்கு? 1999இல் அமெரிக்க மீனியல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கருத்தைச் சொன்னார்கள். ஏற்கெனவே குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருக்கும் ஆணைப் பெண் விரும்புகிறதாம். மீசைக் கொத்து, பார்ப்பதற்குக் குஞ்சுக் கூட்டம்போல இருப்பதால் பெண் அதை நம்பி வருகிறதாம். நிஜமோ பொய்யோ, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது.

தொட்டி

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் போதும். ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். 23 முதல் 27 டிகிரி வெப்பம் இதற்குச் சுகம். தண்ணீரின் அமில, கார அளவான பிஎச் 6.5இலிருந்து 7.5க்குள் இருந்தால் நல்லது. போர் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் பழகிக்கொள்ளும். ஒரு மரக்கட்டை கட்டாயம் போடுங்கள். டிரிஃப்ட்வுட் என்று கேட்டால் கடையில் தருவார்கள். இந்த மீன் நாள் முழுக்க அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

கூட இருக்கும் மீன்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். கப்பி, பிளாட்டி, டெட்ரா, கோரிடோராஸ் பரவாயில்லை. ஏஞ்சல் மீன், கோல்ட்ஃபிஷ், ஆஸ்கார் இருக்கும் தொட்டியில் குஞ்சு மிஞ்சும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஃபில்டர் உறிஞ்சும் வாயில் இன்றைக்கே ஒரு ஸ்பான்ஜை மாட்டிவிடுங்கள். முட்டை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றால் என் கதைதான். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டராகவே வைத்தால் இன்னும் நிம்மதி, குஞ்சுகள் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு மேயும்.

பொந்து

இதில்தான் ஆண் மீனின் மனசு இருக்கிறது. அழகான பாறை, பெரிய குகை எல்லாம் நமக்குத்தான். அதற்கு வேண்டியது இறுக்கமான, இருட்டான, ஒரு பக்கம் அடைத்த ஒரு குழி. உடம்பு உள்ளே போய்த் துடுப்பை விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் உரச வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாயில் 15 சென்டிமீட்டர் துண்டும் அதற்கு ஒரு எண்ட் கேப்பும் வாங்குங்கள். மீன் சிறியதாக இருந்தால் ஒன்றரை அங்குலக் குழாய். கேப்பைக் கையால் அழுத்திச் செருகினால் போதும், பசை வேண்டாம். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். உள்பக்கத்தையும் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், முட்டை ஒட்டுவதற்குப் பிடிமானம் கிடைக்கும். மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல். வாய்ப்பக்கம் துளி உயர்ந்தாற்போல, ஃபில்டர் நீரோட்டம் லேசாகப் படும் மூலையில் கிடத்துங்கள். பிளாஸ்டிக் பிடிக்காதவர்கள் சாயம் பூசாத குறுகிய மண்கலயத்தைப் படுக்கவைக்கலாம். கொட்டாங்குச்சியும் போட்டுப் பார்த்தேன், ஆண் அதில் தூங்கியதோடு சரி.

சாப்பாடு

பிஞ்சு வெள்ளரி, சுரைக்காய், பாலக்கீரை. தோல் சீவி, வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு, ஆறவைத்து, ராத்திரி விளக்கணைத்த பிறகு கொடுங்கள். மிதப்பதுதான் தொல்லை. ஒரு ஸ்டீல் ஃபோர்க்கில் குத்திப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும் (எங்கள் வீட்டில் இப்போது ஐந்து ஃபோர்க்தான் இருக்கிறது, யாரும் இன்னும் எண்ணவில்லை). மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கெட்டுவிடும். இதோடு அடியில் மூழ்கும் ஆல்கே வேஃபர் (பாசி கலந்த வில்லைத் தீனி). வாரம் இரண்டு முறை உறைந்த ரத்தப்புழு, அதுவும் அளவாக. பெண்ணுக்கு முட்டை பிடிக்கப் புரதம் வேண்டும், ஆனால் கூடினால் வயிறு உப்பிவிடும். ஒரு மாதம் இப்படிக் கொடுத்துவிட்டு மேலிருந்து பாருங்கள். பெண்ணின் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கித் தெரிந்தால் சினை கட்டிவிட்டது.

மழையை வரவழைத்தல்

இது தென் அமெரிக்க ஆற்று மீன். மழைக்காலத்தில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து சில்லிடும்போது, குஞ்சுக்குத் தீனி கிடைக்கும் காலம் என்று அதற்குத் தெரியும். நாம் அதையே தொட்டியில் செய்கிறோம். சாயங்காலம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் மருந்தைக் கலந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இப்படி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை. ஒரேயடியாக ஐந்தாறு டிகிரி இறக்கினால் வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிடும்.

சென்னையில் இதைச் சித்திரை, வைகாசியில் முயன்று நொந்துபோக வேண்டாம். தொட்டித் தண்ணீரே 31, 32 டிகிரி இருக்கும். ஐப்பசி அடைமழை ஆரம்பித்ததும் தொடங்குங்கள், பாதி வேலையை வானமே செய்துவிடும்.

முட்டை

ஆண் பொந்தை வாயால் துடைத்துச் சுத்தம் செய்யும். பிறகு பெண் உள்ளே போகும். சில சமயம் ஆண் வாசலை உடம்பால் அடைத்துப் பெண்ணை ஒரு நாள், இரண்டு நாள்கூட வெளியே விடாது. பிரித்துவிடப் போகாதீர்கள்.

பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அதற்கு மேல் அதற்கு அக்கறை இல்லை. ஆரஞ்சு நிறத்தில், ஜவ்வரிசியைச் சாயத்தில் தோய்த்து ஒட்டவைத்தாற்போல, 50 முதல் 100 முட்டை வரை ஒரே கொத்தாக இருக்கும். ஆண் அதன் மேல் படுத்து, மார்புத்துடுப்பாலும் வாலாலும் ராத்திரி பகலாக விசிறிக்கொண்டே இருக்கும். வெள்ளரி வாசம் மூக்குக்கு எதிரே வந்தாலும் பெரும்பாலும் வெளியே வராது.

இந்த நாள்களில் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஈத்தின்போது ஆர்வத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் கொத்து முழுவதையும் வெளியே தள்ளிவிட்டது. அப்படித் தள்ளினால் பதறாமல், கொத்தை ஒரு குஞ்சுப் பெட்டியில் (தொட்டிக்குள் மாட்டும் சின்னப் பெட்டி) போட்டு, பக்கத்தில் ஏர் பம்ப்போடு இணைத்த ஏர்ஸ்டோன் கல்லால் குமிழி விடுங்கள். அப்பன் விசிறியதை அது செய்யும். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த முட்டைகளை மட்டும் அவ்வப்போது பொறுக்கிவிட வேண்டும்.

குஞ்சு

26 டிகிரியில் ஐந்தாறு நாளில் பொரிக்கும். பெரிய மஞ்சள் பையைச் சுமந்துகொண்டு குழாய்க்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கும். அந்த மஞ்சள் பைதான் முதல் ஒரு வாரச் சாப்பாடு, நாம் எதுவும் போட வேண்டாம். பை கரையக் கரைய நிறம் ஏறி, வாசலுக்கு வர ஆரம்பிக்கும்.

பொதுத்தொட்டியில் குஞ்சுகளைக் காப்பாற்ற இதுதான் தருணம். தொங்கும் குஞ்சுப் பெட்டியைத் தொட்டியிலேயே மாட்டுங்கள். குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடி, தண்ணீருக்குள்ளேயே பெட்டிக்கு மேல் கொண்டுவந்து மெதுவாகச் சாய்த்து அசையுங்கள். அப்பனும் குஞ்சுகளும் கலந்தே வந்து விழும். அப்பனை வலையில் பிடிக்காதீர்கள். அதன் கன்னத்தில் கொக்கிபோல முட்கள் உண்டு. அன்சிஸ்ட்ரஸ் என்ற அதன் அறிவியல் பெயரே கொக்கி என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். வலையில் மாட்டினால் பிரித்தெடுப்பதற்குள் அரை உயிர் போய்விடும். ஒரு டம்ளரால் மொண்டு பெட்டிக்கு வெளியே, தொட்டியில் விடுங்கள்.

இதற்கப்புறம் குஞ்சுகள் சாவது பெரும்பாலும் பசியால்தான். தொட்டிப் பாசியே போதும் என்று விட்டால் இரண்டு வாரத்தில் பாதி காணாமல் போகும். பெட்டிக்குள் எந்நேரமும் ஒரு துண்டு வேகவைத்த வெள்ளரியோ கீரையோ இருக்க வேண்டும், பழசை எடுத்தால் உடனே புதுசு. ஆல்கே வேஃபரை நுணுக்கியும் போடலாம். ஒரு காய்ந்த பாதாம் இலை கிடந்தால் அதன் மேல் படரும் வழுவழுப்பையும் மேயும். கொழுக்கொழுவென்று வயிறு தெரிந்தால் சரியாகப் போகிறது, வயிறு ஒட்டியிருந்தால் தீனி போதவில்லை. இவ்வளவு தின்றால் கழிவும் அவ்வளவு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியதும் பெரிய தொட்டியில் விட்டுவிடலாம்.

அதன் பிறகு

ஒரு முறை இட்டுப் பழகிய ஜோடி நிற்காது. மாதத்துக்கு ஒரு ஈத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது. சென்னை கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் நிறைந்த இடம் பக்கத்தில் இருந்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் குட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், பதிலுக்குத் தீனி தருபவர்களும் உண்டு. ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் கொட்டிவிடாதீர்கள். அப்படிப் போன பாய்மரத் துடுப்பு மீன்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

போதும் என்று தோன்றினால் பொந்தை எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். என் குழாய் தை மாதத்திலிருந்து மொட்டைமாடியில் காய்கிறது. ஆண் அது இருந்த மூலைக்குத் தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.