வாம்பயர் தொடரின் முதல் எபிசோட்: பார்த்த கையோடு உருப்படியாகக் கருத்து எழுதுவது எப்படி

புதிய வாம்பயர் தொடர் ஒன்று வெளியான அன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் கருத்துகளில் பல, அந்தத் தொடரைப் பற்றியவையே அல்ல. "ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு" என்பது பெரும்பாலும் டிவியைப் பற்றிய புகார். "வெயில்ல ஹாயா நடக்குறான், இவன்லாம் வாம்பயரா?" என்பது முன்பு பார்த்த வேறு ஏதோ படத்தைப் பற்றியது. "புக்குல இப்படி இல்லையே" என்பது புத்தகத்தைப் பற்றியது. இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் தொடரைப் பற்றி நமக்கு என்ன தோன்றியது என்பதே தெரியும். கழிப்பது எப்படி என்பதுதான் கீழே.

முதலில் நேரம். அமெரிக்கச் சேனலில் ஞாயிறு இரவு 9 மணிக்கு, கிழக்குக் கடற்கரை நேரப்படி, ஒளிபரப்பாகும் எபிசோட் சிங்கப்பூருக்குத் திங்கள் காலை 9 மணி. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவதால் நமக்கு 10 மணி. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தொடர்களை வழக்கமாக அமெரிக்க மேற்குக் கடற்கரையின் பசிபிக் நேரம் நள்ளிரவில் திறக்கும்; அது இங்கே பிற்பகல் 3 மணி, அவர்களின் குளிர்காலத்தில் 4 மணி. ஆக எப்படிப் பார்த்தாலும் குழுவில் பாதிப் பேர் வேலையில் இருக்கும் நேரம். ஷிப்ட் முடிந்து பகலில் வீட்டிலிருக்கும் ஒருவர் பார்த்துவிட்டு "ஐயோ, அந்தத் தங்கச்சியைக் கொன்னுட்டாங்க!" என்று போட்டால், மற்றவர்களின் மாலை போச்சு. அதனால் குழுவில் முன்கூட்டியே ஒரு கெடு பேசி வையுங்கள். செவ்வாய் இரவு 11 மணி வரை கதை பேசக்கூடாது என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மாலைகளைத் தரும். மொத்த சீசனையும் ஒரே நாளில் இறக்கினால் கெடு வேலைக்கு ஆகாது. எபிசோட் வாரியாகத் தனித்தனி இழை வைப்பதுதான் வழி.

கருத்தின் முதல் வரியில் கதை எதுவும் இருக்கக்கூடாது. போன் பூட்டியிருக்கும்போதே அறிவிப்பில் முதல் வரி தெரிந்துவிடும். "எபி 1, 34-ஆவது நிமிடம் வரை" என்று மட்டும் எழுதி, நாலைந்து வரி இடம் விட்டு, பிறகு விஷயத்துக்கு வாருங்கள். டெலிகிராம் குழுவென்றால் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்பாய்லராக மறைக்கலாம். குரல் பதிவு வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து இருக்கும் குரல் பதிவுகள் ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானாக ஓடும். எம்ஆர்டி ரயிலில் ஸ்பீக்கரில் கேட்கிற பழக்கம் உள்ளவர் பக்கத்தில் நின்றால், அறிமுகமில்லாத ஆட்களுக்கும் முடிவு தெரிந்துவிடும்.

இனி இருட்டு. வாம்பயர் கதை இரவில் நடப்பது, எனவே படம் இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் ஒளிப்பதிவாளர் வைத்த இருட்டு வேறு, உங்கள் டிவி சேர்க்கும் இருட்டு வேறு. புகார் எழுதுமுன் ஐந்து நிமிடம் செலவழித்து இவற்றைப் பாருங்கள்.

அறைதான் முதல் குற்றவாளி. வீவக அடுக்குமாடி வீட்டில் பொது நடைபாதை விளக்கு ஜன்னல் வழியாக நேராக டிவி கண்ணாடியில் விழும். திரைச்சீலையை மூடுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள், கும்மிருட்டு கண்ணை உறுத்தினால் டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கு வையுங்கள். முன்னால் வைத்தால் அதுவே திரையில் இன்னொரு நிலாவாகத் தெரியும்.

அடுத்து டிவியின் அமைப்பு. மின்சாரச் சிக்கன முறையும் வெளிச்ச உணரியும் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் விளக்கை அணைத்த நொடியில் டிவியும் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் நிறுத்துங்கள். "டைனமிக் கான்ட்ராஸ்ட்" இருந்தால் அதையும். "விவிட்" முறையிலிருந்து "மூவி", "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" முறைக்கு மாற்றுங்கள். படச்சட்டங்களுக்கு (ஃபிரேம்) நடுவே இல்லாத படச்சட்டங்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் அதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. அது ஓடினால் அரண்மனைக் காட்சிகூட மாலை சீரியல் செட் போலத் தெரியும். "மேக்கிங் சீப்பா இருக்கு" என்ற புகார் பல நேரம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

டிவியோடு இணைக்கும் தனி ஸ்ட்ரீமிங் பெட்டி வழியாகப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. எச்டிஎம்ஐ கேபிள் வழியே போகும் படத்தின் வண்ண வீச்சு (கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான அளவு) பெட்டியில் "ஃபுல்" என்றும் டிவியில் "லிமிடெட்" என்றும் இருந்தால் கறுப்புக் கோட்டும் கறுப்புச் சுவரும் ஒன்றாகக் கரைந்துவிடும். மாறி இருந்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு, அல்லது இரண்டு பக்கமும் "ஆட்டோ".

கடைசியாக இணையம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட், 1080-க்கு 5 மெகாபிட் பரிந்துரைக்கிறது. வீட்டு ஃபைபரில் அது பிரச்சினையில்லை. படுக்கையறையின் மூலையில் வைஃபை நொண்டும்போதுதான் பிரச்சினை. சுருக்கப்பட்ட படத்தில் முதலில் அடிபடுவது இருட்டுப் பகுதிகள்தான். பனிமூட்டம், மெழுகுவத்தி வெளிச்சம், இரவு வானம் மூன்றிலும் படிப்படியான கோடுகளும் சதுரக் கட்டங்களும் தெரிந்தால் அது ஒளிப்பதிவின் தவறல்ல. ஒரு நிமிடம் பின்னே தள்ளி மறுபடி ஓட்டிப் பாருங்கள். கட்டங்கள் மறைந்தால் புகாரை விட்டுவிடுங்கள். அப்புறமும் முகம் தெரியவில்லையென்றால் தாராளமாகத் திட்டலாம், அது நியாயமான திட்டு.

ரத்தம் கறுப்பாகத் தெரிவது மட்டும் டிவியின் கோளாறில்லை. நீல வெளிச்சத்தில் சிவப்பு அப்படித்தான் தெரியும். பிரதிபலிக்கச் சிவப்பு ஒளியே அங்கே இல்லை. வயது மதிப்பீட்டுக்காகக் குறைத்துவிட்டார்கள் என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

அடுத்தது விதிகள். வாம்பயர் ரசிகர்களின் சண்டையில் முக்கால்வாசி இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெயில் பட்டால் வாம்பயர் எரிந்து சாம்பலாகும் என்பது ஆதிகால விதி என்று நினைக்கிறோம். 1897-இல் வந்த டிராகுலா நாவலில் அந்தக் கோமகன் பகலிலேயே லண்டன் தெருவில் நடக்கிறான். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய வெளிச்சம் கொல்லும் என்பதைப் பிரபலமாக்கியது 1922-இல் வந்த நோஸ்ஃபராட்டு என்ற ஜெர்மன் மௌனப்படம். ஆக "வெயிலில் நடக்கிறான்" என்பது தவறே அல்ல. முதல் எபிசோடில் வெயில் சுடும் என்று காட்டிவிட்டு மூன்றாவதில் ஜன்னலோரம் உட்கார வைத்து, காரணமும் சொல்லாமல் விட்டால், அது தவறு.

இதற்கு ஒரு விதித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு குறிப்பு போதும். வெயில், கண்ணாடியில் உருவம், அழைப்பில்லாமல் வீட்டுக்குள் நுழைவது, பசி எத்தனை நாளுக்கு ஒருமுறை, மனிதன் வாம்பயராக மாறுவது எப்படி, எதனால் சாவான். ஆறு வரி. ஒவ்வொன்றின் எதிரிலும் தொடர் சொன்ன விதியும், அதைச் சொன்ன நிமிடமும், சொன்னது யார் என்பதும். இந்தக் கடைசி விஷயம் பெரிது. வாம்பயரே தன்னைப் பற்றிச் சொல்லும் விதி பொய்யாக இருக்கலாம். பாதிரியார் சொல்வது வெறும் நம்பிக்கையாக இருக்கலாம். கேமரா நேரே காட்டியதுதான் உறுதி. ஒரு வரி இப்படி இருக்கும்:

அழைப்பு: வாசலில் நிற்கிறான், நுழையவில்லை (எபி 1, 22'). யாரும் விதியைச் சொல்லவில்லை. அண்ணி "வாங்க" என்றதும் நுழைகிறான் (எபி 1, 41'). காட்டப்பட்டது, உறுதி.

இந்த விதி நம்மிடம் செல்லாது என்பது வேறு கதை. கேட்டைத் திறக்குமுன்பே "வாங்க வாங்க, சாப்ட்டீங்களா" என்கிற ஜாதி நாம். போகிறவனிடமும் "போயிட்டு வாங்க" என்போம். வாம்பயர் கணக்கில் அது காலாவதியாகாத அழைப்பிதழ்.

பெயரிலும் கவனம் வேண்டும். "காட்டேரி" என்று எழுதினால் நம்மில் சிலருக்கு அது குலதெய்வம், விரல் தயங்கும். "டிராகுலா" ஒரே ஒரு பாத்திரத்தின் பெயர், மொத்த இனத்துக்கும் பொருந்தாது. "பேய்" என்றால் உடம்பில்லாத ஒன்று. மலாய்க் கதைகளில் வரும் பெண் பேயான பொந்தியானாக்கோடு ஒப்பிடுவது இந்த ஊரில் தவிர்க்க முடியாதது. இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ் இங்கே கேத்தே-கெரிஸ் படநிறுவனத்துக்காக 1957-இல் இயக்கிய படத்திலிருந்து அவளை இந்த ஊர்த் திரைக்குத் தெரியும். ஆனால் அவள் பிரசவத்தோடும் வாழைமரத்தோடும் சம்பந்தப்பட்டவள், அவளுடைய விதிகள் வேறு. அவளை அளவுகோலாக வைத்து ஐரோப்பிய வாம்பயரை மதிப்பிட்டால் இருவருக்கும் அநியாயம். வெறுமே "வாம்பயர்" என்று எழுதிவிடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

பார்க்கும்போது நீங்களே உங்களுக்கு ஸ்பாய்லர் ஆகிவிடாமல் இருக்கவும் வழி செய்துகொள்ளுங்கள். காது கேளாதோருக்கான ஆங்கில வசனவரி, இருட்டில் யார் பேசுகிறார் என்பதைப் பெயரோடு போடும். முகம் காட்டாத குரலின் பெயர் 8-ஆவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தேவையில்லாதவர்கள் சாதாரண ஆங்கில வரியைத் தேர்வு செய்யலாம். ஐஎம்டிபி என்ற திரைத் தகவல் தளத்தின் நடிகர் பட்டியலைத் திறக்காதீர்கள். யார் எத்தனை எபிசோடில் வருகிறார் என்று போட்டிருப்பார்கள். "2 எபிசோட்" என்றால் அந்த ஆள் கதி என்ன என்று சொல்லவும் வேண்டுமா?

எழுத உட்காரும்போது "புடிச்சுதா?" என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். "எந்த நிமிஷத்துல போனைக் கையில எடுத்தேன்?" என்பதிலிருந்து தொடங்குங்கள். குழுவில் கருத்துக்கணிப்பு வைப்பவர்களும் இதைக் கேட்கலாம். ஐந்து பேர் 25-ஆவது நிமிடத்தை ஒட்டியே சொன்னால் அங்கே கதை உண்மையிலேயே படுத்திருக்கிறது. ஆளுக்கொரு நிமிடம் சொன்னால் வீட்டில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

ஒரு கருத்தை எடுத்துச் செதுக்கிப் பார்ப்போம். வழக்கமாக வருவது: "மேக்கிங் சூப்பர், ஆனா செம ஸ்லோ, ஹீரோ நடிப்பு ஓகே." இதை வைத்து யாரும் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. அதே ஆள் அதே எபிசோடைப் பற்றி இப்படி எழுதலாம்: "எபி 1. புத்தகம் படிக்கவில்லை. முதல் கடி 38-ஆவது நிமிடத்தில்தான். அதுவரை குடும்பச் சொத்துத் தகராறு. தகராறு எனக்குப் பிடித்தது, பயத்துக்காகப் பார்ப்பவர்களுக்குப் பொறுமை போகும். பல் மாட்டிய பிறகு ஹீரோவின் குரல் வாயசைவோடு ஒட்டவில்லை. அடுத்ததும் பார்ப்பேன்." ஆறு வாக்கியம். புத்தகம் படித்தாரா என்பது முதலிலேயே வந்துவிட்டது. படித்தவர் தேடுவதும் படிக்காதவர் தேடுவதும் வேறு வேறு என்பதால் அந்த ஒரு வரியை விடவே கூடாது.

அந்தக் குரல் விஷயத்தை நடிகர் மேல் போடாததைக் கவனியுங்கள். செயற்கைக் கோரைப்பல் மாட்டினால் "ஸ", "ச" ஒலிகள் குழறும், அதனால் அந்த வசனங்களைப் பிறகு ஒலிக்கூடத்தில் பேச வைப்பதுண்டு. கண் முழுவதையும் மூடும் லென்ஸ் போட்டால் பக்கப் பார்வையும் குறையும். நடை தயங்கித் தெரிவதற்கு அதுவும் காரணமாகலாம்.

முதல் எபிசோடை வைத்து மொத்தத் தொடருக்கும் மதிப்பெண் போடாதீர்கள். அமெரிக்கத் தொடர்களில் முன்னோட்ட எபிசோடை, அதாவது பைலட்டை, தனியாக, மற்றவற்றுக்குப் பல மாதம் முன்பே எடுக்கும் வழக்கம் உண்டு. இரண்டாவதில் வீடும் முடியலங்காரமும், சில நேரம் நடிகருமே மாறியிருப்பார்கள். அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1966 ஜூனில் தொடங்கிய டார்க் ஷேடோஸ் என்ற தினத்தொடரில், அதைப் பெயர்பெற வைத்த வாம்பயர் பர்னபஸ் காலின்ஸ் நுழைந்ததே 1967 ஏப்ரலில், 200 எபிசோடுக்கு மேல் ஓடிய பிறகு. அவ்வளவு காலம் இன்றைக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். மூன்று எபிசோட் போதும்.

மற்றவர்கள் போட்ட மதிப்பெண்ணைப் பகிரும்போது அது என்ன எண் என்று தெரிந்து பகிருங்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 விழுக்காடு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளில்லை. 90 விழுக்காடு விமர்சகர்கள் ஏதோ ஓரளவாவது பிடித்தது என்றார்கள், அவ்வளவே. ஐஎம்டிபியில் முதல் இரண்டு நாள் சராசரியைப் பார்க்காமல் பட்டை வரைபடத்தைப் பாருங்கள். 1-உம் 10-உம் மட்டும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் அது ரசிகர் சண்டை. 6, 7, 8-இல் மேடு விழுந்த பிறகு எண்ணைப் பகிரலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வயது மதிப்பீட்டையும் கருத்தில் ஒரு வரி சேருங்கள். சிங்கப்பூரின் இலவச ஒளிவழிகளில் பிஜி13தான் (13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெற்றோர் வழிகாட்டலோடு) உச்சம், அதுவும் இரவு 10 முதல் காலை 6 வரை. இந்த வகைத் தொடர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரீமிங்கில் என்சி16 (16 வயதுக்கு மேல்) அல்லது எம்18 (18 வயதுக்கு மேல்) முத்திரையோடு வருகின்றன. முத்திரை ரத்தத்துக்கா, படுக்கையறைக் காட்சிக்கா என்று சொன்னால் பெற்றோருக்கு உதவும். பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்பதற்கு எந்த ஆணையமும் மதிப்பீடு தருவதில்லை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிமிடக் குறிப்போடு சொன்னால் ரிமோட்டைத் தயாராக வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது எபிசோட் முடிந்ததும் பழைய கருத்தைத் தேடி எடுங்கள். அழிக்க வேண்டாம். அனுப்பி 15 நிமிடம் வரை வாட்ஸ்அப் திருத்த விடும், அதை எழுத்துப்பிழைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மனம் மாறியிருந்தால் பழைய செய்தியை மேற்கோளாக இழுத்து, அதன் கீழே புதிதாக எழுதுங்கள்: "எபி 3 பார்த்தாச்சு. 'வாயசைவு ஒட்டவில்லை' என்றது முதல் எபிசோடுக்கு மட்டும்தான், இப்போது சரியாக இருக்கிறது. சொத்துத் தகராறு இன்னும் முடியவில்லை."