மலை பார்க்கப் போறவை முதலில் விதானையாரைப் பாருங்கோ

வன்னியில் மலையா என்று பிள்ளைகள் சிரிப்பினம். ஏ9 வீதியில் புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி நெடுங்கேணிப் பக்கம் போனால், பாலையும் வீரையும் நிற்கிற காட்டுக்குள்ளிருந்து வெறும் பாறை தலை நீட்டும். எங்களுக்கு அதுதான் மலை. வெடுக்குநாறி, ஒதியமலை, தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூர்மலை. மலை சாமிக்கு, சனம் குளத்தைப் பார்த்துத்தான் குடியிருந்தது. குளக்கட்டு, அதுக்குக் கீழே வயல், வயலோரம் வீடு.

ஒதியமலையில் 1984 டிசம்பரில் 32 பேரைக் கொன்றார்கள். தண்ணிமுறிப்புச் சனமும் அந்த வருடம்தான் இடம்பெயர்ந்தது. அங்கே நின்று செல்ஃபி எடுக்காதேங்கோ. வெடுக்குநாறியில் 2024 சிவராத்திரிக்குப் போன எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்தது. ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் ஏறாதேங்கோ. ட்ரோன் வேண்டவே வேண்டாம். மாரியில் போனால் சப்பாத்தைச் சேறு விடாது.

இனிக் காணி விஷயம்: அப்பாவின் வயலை என்ரை பேருக்கு மாற்றப் போன கதை. அந்த இரண்டு ஏக்கர் வயல் உறுதி எழுதின சொந்தக் காணி இல்லை, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் குடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடுக்கிறது. உறுதி மாதிரி நினைத்தபடி எழுதிக் குடுக்க ஏலாது. பின்னுரித்தாளர், அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணி சேருகிற ஆள், ஆர் என்று பதிந்திருக்க வேணும். இதை நான் பிளேன் ஏற முதல் அறிந்திருந்தால் மூன்று கிழமை லீவில் பன்னிரண்டு நாள் காணி அலுவலக வாங்கில் போயிராது.

முதல்நாள் விதானையாரின், அதுதான் கிராம அலுவலரின், கடிதம் கேட்டார்கள். கொண்டுபோக, பெர்மிட்டில் அப்பா சுப்பையா, என்ரை பிறப்புப் பதிவில் சுப்பிரமணியம், இரண்டும் ஒரே ஆளோ என்றார்கள். ஜே.பி.யிடம் (சமாதான நீதவான்) சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போனால், அலுவலகத்தில் இதைப் பார்க்கிற ஐயா பயிற்சிக்குக் கொழும்பு போயிட்டார். திரும்பி வந்தவர் பெர்மிட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, "இந்த மடிப்பிலை இலக்கம் அழிஞ்சிருக்கே" என்றார்.

அழியாமல் என்ன செய்யும்? நாலாய் மடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, 2009இல் முள்ளிவாய்க்கால் மட்டும் பெரியம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு போன கடதாசி அது. பை இப்பவும் செம்மண் நிறம். அந்த நேரம் நான் ஸ்கார்பரோவில் டிவிக்கு முன்னால் இருந்தேன். இதை அந்த ஐயாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?

ஆகவே போக முதலே போனில் சொல்லி, பெர்மிட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. பேர் எழுத்துக்கு எழுத்து பொருந்துதோ பாருங்கோ. இன்னொன்று: வயல் ஆருக்கு என்று வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போங்கோ. பன்னிரண்டாம் நாள் இரவு, புட்டை வைத்துக்கொண்டே பெரியம்மா கேட்டா: "தம்பி, உனக்கு இந்த வயல் என்னத்துக்கு? நீ போன பிறகும் குளத்திலை தண்ணி வந்ததுதானே."

அடுத்தநாள் நான் அலுவலகம் போகவில்லை.